மே மாதத்தில் ஆள் பிடிக்காதீர்கள்: சேவைச் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோட்டரி, லயன்ஸ் போன்ற அனைத்துலகச் சேவைச் சங்கங்களின் ஆண்டு ஜூலை முதல் நாளில் தொடங்கி ஜூன் இறுதியில் முடிகிறது. ஆகவே ஏப்ரல் பிறந்ததும் பதவி முடியவிருக்கும் தலைவருக்கு ஒரு கவலை தொற்றிக்கொள்ளும். பொறுப்பேற்பு விழாவில் மேடையேறி அறிவித்த உறுப்பினர் எண்ணிக்கை இன்னும் எட்டப்படவில்லையே என்ற கவலைதான் அது. அதன்பின் மைத்துனர், கடைக் கணக்கை எழுதிக் கொடுப்பவர், கார் பட்டறைக்காரர் என்று கண்ணில் படுகின்றவர் கையிலெல்லாம் உறுப்பினர் படிவம் திணிக்கப்படும். மலேசியாவின் பினாங்கில் ஒரு சங்கத்தின் செயலாளராக நான் இருந்த ஆண்டுகளில் அத்தகைய மே மாதப் படிவங்கள் சிலவற்றை என் கையாலேயே நிரப்பியிருக்கிறேன். அவற்றில் கையொப்பமிட்டவர்களுள் அடுத்த தீபாவளி வரை தங்கியவர் எவரும் இல்லை.

எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்படும் பெயர் ஒரு சுமை என்பதைப் பல தலைவர்கள் பொருளாளர் முகம் சுளிக்கும்போதுதான் உணர்கிறார்கள். தலைமையகத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், பட்டியலில் உள்ள பெயர்களை எண்ணிக் கணக்கிடப்படுகிறது. ஒருவர் கூட்டத்துக்கு வந்தாரா, சந்தா கட்டினாரா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. வராதவருக்கும் சேர்த்துச் சங்கம்தான் கட்டியாக வேண்டும்.

உள்நாட்டுச் சட்டத்தின் பக்கத்திலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி பதிவுபெற்ற சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் தன் ஆண்டறிக்கையைப் பதிவதிகாரியிடம் அளிக்க வேண்டும். அக்கூட்டம் செல்லுபடியாவதற்கு, வாக்களிக்கத் தகுதியுள்ள உறுப்பினர்களில் பாதிப்பேரோ செயலவையினரைப் (நிர்வாகக் குழுவினரைப்) போல் இரு மடங்கினரோ, இவற்றுள் எது குறைவோ அந்த அளவினர், வந்திருக்க வேண்டும் என்று பல சங்கங்களின் விதிமுறைகளில் எழுதப்பட்டிருக்கிறது. 11 பேர் கொண்ட செயலவையுடன் உண்மையாக இயங்கும் 26 பேர் மட்டுமே இருக்கும் சங்கத்துக்கு 13 பேர் வந்தால் போதும். அதே சங்கம் பெயருக்குப் பதினான்கு பேரைச் சேர்த்து 40 என்று காட்டிக்கொண்டால், 20 பேர் வந்தாக வேண்டும். கோரம் எனப்படும் அந்தக் குறைந்தபட்ச வருகை சேராமல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தொலைபேசியும் கையுமாக ஒவ்வொருவரையும் கெஞ்சி அழைத்த அனுபவம் உள்ள செயலாளர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த தவறு கேட்கும் முறையிலேயே இருக்கிறது. நம்மிடையே ஒருவர் சங்கத்தில் சேர்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், "அண்ணன் கேட்டார், மறுக்க முடியவில்லை" என்பதுதான். மரியாதைக்காக வந்தவர் மரியாதைக்காகவே சில மாதங்கள் வந்துபோவார். கேட்ட அண்ணன் பதவியிலிருந்து இறங்கியதும், இவரும் ஓசையின்றி இறங்கிவிடுவார். இதைவிடக் கெடுதலானது, டத்தோ பட்டம் பெற்ற பெரும்புள்ளிகளுடன் பழகலாம், வியாபாரத் தொடர்பு கிடைக்கும் என்று ஆசை காட்டிச் சேர்ப்பது. அந்த ஆசை நிறைவேறாவிட்டால் ஆள் போய்விடுவார். நிறைவேறிவிட்டாலோ அதற்குமேல் சங்கம் அவருக்குத் தேவைப்படாது. ஓராண்டில் சந்தா, உணவு, சீருடை, மாநாடு ஆகியவற்றுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும், மாதத்தில் எத்தனை மாலைகள் ஒதுக்க வேண்டும், இவ்வாண்டு எந்தப் பணியில் ஆள் குறைவு என்ற மூன்றையும் முதல் சந்திப்பிலேயே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இவற்றைக் கேட்டுவிட்டுப் பின்வாங்குபவர் எப்படியும் பின்வாங்கியிருப்பார்.

தேட வேண்டிய ஆள்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை நாம் கவனிப்பதே இல்லை. பினாங்கில் தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குச் செல்லும் வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள் நிற்கின்றன. எங்கள் பந்தலிலும் ஒவ்வோர் ஆண்டும் யாருடைய நண்பரென்று தெரியாத இரண்டு மூன்று இளைஞர்கள் வந்து சேர்ந்து, இரவு முழுவதும் மோர் கரைத்து, விடியற்காலையில் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார்கள். அவர்களுடைய பெயரை யாரும் கேட்டு வைத்ததில்லை. அதே வாரத்தில் செயலவை கூடி, உறுப்பினர் எண்ணிக்கையைப் பெருக்குவது எப்படி என்று இரண்டு மணி நேரம் விவாதிக்கும்! அண்டா கழுவியவரிடம் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, அடுத்த இரத்த தான முகாமுக்கு அழைத்திருந்தால் அந்த விவாதத்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். புதியவரை முதன்முதலாக ஹோட்டல் விருந்துக்கு அழைப்பதைவிட இவ்வாறு ஒரு பணி நாளுக்கு அழைப்பது நல்லது. பணி பிடித்து வந்தவர் விருந்தையும் பொறுத்துக்கொள்வார்.

ஆயினும், சேர்க்கும் முறையில் செய்யும் பிழைகளைவிடச் சேர்ந்தபின் நாம் காட்டும் அலட்சியமே அதிக உறுப்பினர்களை இழக்கச் செய்கிறது என்பது என் கருத்து. உறுதிமொழி எடுத்தாயிற்று, சட்டையில் சின்னம் குத்தியாயிற்று, படமும் பிடித்தாயிற்று. அதன்பின் மூன்று மாதங்களுக்கு அவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. கூட்டத்துக்கு வந்தால் பழைய உறுப்பினர்கள் தங்கள் வழக்கமான மேசையில் அமர்ந்து, பத்தாண்டுகளுக்கு முந்தைய வேடிக்கைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் சங்கத்துக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரியும் பொறியியலாளர் ஒருவர் வந்தார். எஸ்.பி.எம். எனும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் சேர்ந்ததன் நோக்கம்; படிவத்திலும் அவ்வாறே எழுதியிருந்தார். அப்படிவத்தைப் படித்துப் பார்த்துக் கோப்பில் வைத்தவன் நான். ஆனால் எட்டு மாதங்களில் அவருக்கு நாங்கள் கொடுத்த வேலை, பொறுப்பேற்பு விழாவில் நாற்காலி அடுக்குவதும் பொன்னாடைத் தட்டை ஏந்தி நிற்பதும்தான். ஒன்பதாம் மாதம் அவர் வரவில்லை. பின்னர் அவர் வேறோரிடத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

சேர்ந்த முதல் மாதத்துக்குள் அவருக்கென்று ஒரு சிறு பணியும், சந்தேகம் கேட்பதற்கு ஒரு மூத்த உறுப்பினரும் இருக்க வேண்டும். அந்த மூத்தவர் அவரைச் சேர்த்தவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சேர்த்தவர்கள் பெரும்பாலும் பதவிப் பொறுப்பில் மூழ்கியிருப்பார்கள். இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது. இளைஞர் ஒருவர் கிடைத்துவிட்டால், கணினி தெரிந்தவர் என்று சொல்லி முதல் ஆண்டிலேயே செயலாளர் பொறுப்பு, முகநூல் பக்கம், நன்கொடைக் கணக்கு ஆகிய அனைத்தையும் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆண்டு முடிவில் அவர் பதவியை ஒப்படைக்கும்போது உறுப்பியத்தையும் சேர்த்தே ஒப்படைத்துவிடுகிறார்.

கூட்டத்தின் நேரமும் இடமும் யாரை வெளியே நிறுத்துகின்றன என்று பார்ப்பதும் அவசியம். 1905இல் சிக்காகோவில் பால் ஹாரிஸும் நண்பர்களும் ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகத்திலும் முறை வைத்துச் சுழற்சியாகக் கூடியதால்தான் அச்சங்கத்துக்கு ரோட்டரி என்ற பெயரே வந்தது. அதன் வழிவந்த நாம் இன்று ஹோட்டல் மண்டபம் இன்றேல் கூட்டமே இல்லை என்று நினைக்கிறோம். அந்த இரவு உணவுக்கான தொகை ஓர் இளம் ஆசிரியருக்கு மாதந்தோறும் உறுத்தும். பினாங்கில் இன்னொரு சங்கடமும் உண்டு. தீவிலும் மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபெராங் பிறையிலும் வசிப்பவர்களில் கணிசமானோர் எல்லை தாண்டிக் கெடா மாநிலத்தில் பணிபுரிகிறார்கள்; அங்கே அரசாங்கப் பள்ளிகளுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். ஞாயிறு காலைக் கூட்டம் என்று முடிவு செய்தவுடனே கெடாவின் சுங்கை பட்டாணியில் கற்பிக்கும் ஆசிரியரை நாம் வெளியே நிறுத்திவிட்டோம். தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருப்பவருக்கு நிலையான கிழமை எதுவுமே ஒத்துவராது. 2016இல் ரோட்டரியின் சட்டவிதி மன்றம் கிளைகளுக்குப் பெரும் தளர்வு அளித்தது. வாரந்தோறும் கூட வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது, இணையவழிக் கூட்டமும் ஏற்கப்பட்டது. மேலிடமே தளர்த்திய விதியைப் பிடித்துக்கொண்டு வருகைப் பதிவேட்டைக் காட்டி மிரட்டும் கிளைகள் இன்னும் இருக்கின்றன.

பெண்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். லயன்ஸ் 1987இலும் ரோட்டரி 1989இலும் பெண்களை உறுப்பினராக ஏற்றன. அதன்பின்னும் பெண் உறுப்பினர் என்றாலே குத்துவிளக்கு, வரவேற்பு மேசை, சிற்றுண்டி என்று பணி பிரிப்பவர்கள், பெண்கள் ஏன் நிலைப்பதில்லை என்று கேட்கக் கூடாது.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவும் கவனத்துக்குரியது. காலை வணக்கப் படங்களுக்கும் தேர்தல் காலத்துக் கட்சிச் சண்டைகளுக்கும் இடையில் பணி பற்றிய ஓர் அறிவிப்பைத் தேடி எடுப்பது புதியவருக்கு இயலாத காரியம். அறிவிப்புக்கென்று தனிக்குழு ஒன்றை வைத்து, அதில் செயலாளர் மட்டும் எழுதினால் போதும்.

விலகல் கடிதம் வரும் நாளில் ஒருவர் விலகுவதில்லை. முதலில் அவர் கூட்டத்தில் பேசுவதை நிறுத்துவார். பிறகு தாமதமாக வருவார். அடுத்து சந்தா தாமதமாகும். இந்த மூன்றாம் நிலையில்தான் சங்கம் விழித்துக்கொண்டு, அவரைத் தொலைபேசியில் அழைக்கும்படி பொருளாளரிடம் சொல்கிறது. நீண்ட நாள் வராதிருந்தவர் காதில் முதலில் விழுவது பாக்கித் தொகை என்றால், அவர் மறுபடி வரப் போவதில்லை. தொடர்ந்து இரண்டு கூட்டங்களுக்கு வராதவரை, பணப் பேச்சே எடுக்காத ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வீட்டில் முதியவருக்கு உடல்நலமில்லை, பிள்ளைக்குத் தேர்வு, வேலை மாற்றம் என்று பெரும்பாலும் தற்காலிகக் காரணமே வெளிவரும். அத்தகையவருக்கு ஆறு மாத விடுப்பு அளிக்க உங்கள் விதிமுறைகளில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் கேட்குமுன்னரே நீங்கள் கொடுங்கள், அது முடியும் தேதியைச் செயலாளரின் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எங்கள் சங்கத்தில் விடுப்பு அளித்தோம், தேதியைக் குறிக்க மறந்தோம். இருவர் ஓராண்டு கழித்தும் அழைப்புக்காகக் காத்திருந்தது பின்னர்தான் தெரியவந்தது.