நாய் கடித்த பிறகு நாம் வீணாக்கும் நேரம்

ரேபிஸ் நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அதன் பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிகமிகக் குறைவு. அதே ரேபிஸை, கடிபட்ட அன்றே முறையாகச் சிகிச்சை தொடங்கினால் ஏறக்குறைய எல்லோரிடமும் தடுத்துவிட முடியும். இவ்வளவு கொடிய நோய்க்கு இவ்வளவு உறுதியான தடுப்பு இருந்தும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் சாகிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில். மருந்து கிடைக்காமல் சாகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தெருமுனையில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தும், அங்கே ஊசி இலவசமாக இருந்தும், போகாமலோ பாதியில் நிறுத்தியோ உயிரை விடுகிறவர்களை நினைத்தால்தான் மனது ஆறவே இல்லை.

தவறுகளைப் பேசுவதற்கு முன், கடித்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது புரிந்துவிட்டால் எது தவறு, ஏன் தவறு என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

வெறிநாயின் எச்சிலில் வைரஸ் இருக்கிறது. கடித்த இடத்தில் தோலைத் தாண்டித் தசைக்குள் போகிறது. அங்கே கொஞ்ச காலம் தங்கிப் பெருகலாம், அல்லது நேராகவே நரம்பு முனையைப் பிடித்துக்கொள்ளலாம். நரம்புக்குள் நுழைந்துவிட்டால் அதன் வழியாகவே தண்டுவடத்துக்கும், பிறகு மூளைக்கும் ஏறும். பெரும்பாலான கிருமிகள் இரத்தத்தில் பரவும்போது உடலின் காவல் செல்கள் அவற்றைக் கண்டுகொள்கின்றன. காய்ச்சல் வருகிறது, ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகின்றன, சண்டை நடக்கிறது. ரேபிஸ் வைரஸ் இரத்தத்தின் பக்கமே பெரிதாகப் போவதில்லை. நரம்பு செல்களுக்குள் ஒளிந்தபடி போகிறது. தான் தங்கிய செல்லை அவசரப்பட்டுக் கொல்வதும் இல்லை. வைரஸ் வந்துவிட்டது என்று செல்கள் ஒன்றுக்கொன்று எச்சரிக்கை அனுப்பப் பயன்படுத்தும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் வேலையையும் தடுத்துவிடுகிறது. அதனால் உடல் விழித்துக்கொண்டு ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கும்போது வைரஸ் ஏற்கெனவே மூளையில் இருக்கும்.

ஆக, நம்மிடம் இருப்பது கடிக்கும் நரம்புக்கும் இடைப்பட்ட நேரம்தான். அது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் வெளிப்படப் பொதுவாக இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரே வாரத்தில் வந்திருக்கிறது, சிலருக்கு ஒரு வருடம் கழித்து. முகம், கழுத்து, விரல்கள் போன்ற நரம்பு நிறைந்த இடங்களில் கடித்தால் நேரம் குறைவு. குழந்தைகளின் உயரத்துக்கு நாயின் வாய் அவர்கள் முகத்துக்கு நேராக இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். சந்தேகத்துக்குரிய விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த நேரத்தை நாம் வீணாக்கும் முதல் இடம் வீட்டுச் சமையலறை. கடிபட்ட இடத்தில் மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள், நல்லெண்ணெய், ஏதாவது பச்சிலை என்று வைத்துக் கட்டுகிறோம். செய்பவர் அன்போடுதான் செய்கிறார். ஆனால் மிளகாயும் சுண்ணாம்பும் சதையை இன்னும் புண்ணாக்குகின்றன. மேலே அப்பியது எதுவும் உள்ளே இருக்கும் வைரஸை வெளியேற்றாது. செய்ய வேண்டியது ஒன்றே: குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவுவது. சோப்பு எதற்கு என்றால், இந்த வைரஸின் வெளி உறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய பாத்திரத்தில் சோப்பு செய்யும் அதே வேலையை அது இங்கேயும் செய்து, உறையைக் குலைத்து வைரஸைச் செயலிழக்க வைக்கிறது. மீதியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. 15 நிமிடம் என்பது சொல்லும்போது சின்னதாகத் தெரியும். அழுகிற குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு கழுவும்போது ரொம்ப நீளம். அதனால் பலர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் போடலாம். கட்டுப் போட வேண்டாம். தையலும் பெரும்பாலும் வேண்டாம். ஊசி நூல் உள்ளே போகும்போது வைரஸை ஆழமாகத் தள்ளிவிடக்கூடும். தையல் போட்டே ஆக வேண்டிய பெரிய காயமென்றால், தயார்நிலையில் உள்ள ஆன்டிபாடி மருந்தான இம்யூனோகுளோபுலினைப் போட்ட பிறகு, தளர்வாகப் போடுவார்கள்.

அடுத்த தவறு, "லேசாகப் பிராண்டினதுதான், இதுக்கெல்லாம் ஊசியா?" என்பது. நாய் தன் பாதத்தை நக்கும், நகத்தில் எச்சில் இருக்கும். இரத்தம் வராத சிறு கீறல், தோலில் பல் லேசாகப் பதிந்தது என்றால் தடுப்பூசி தேவை. தோல் கிழிந்திருந்தாலோ, இரத்தம் வந்திருந்தாலோ, ஏற்கெனவே இருந்த புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டிருந்தாலோ தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை. காயமில்லாத தோலை நக்கினால் மட்டும் கழுவினால் போதும். வீட்டு நாய், குட்டி நாய், ஊசி போட்ட நாய் என்பதெல்லாம் சிகிச்சையைத் தள்ளிப்போடக் காரணமாகாது. பூனையும் குரங்கும் கடித்தாலும் இதே கதைதான். வீட்டு எலி கடித்தால் பொதுவாக ரேபிஸ் ஊசி தேவைப்படாது.

"நாயைப் பத்து நாள் பாருங்க, செத்தால் ஊசி போடலாம்" என்ற அறிவுரை எல்லா ஊரிலும் இருக்கிறது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு ஆபத்தாகிறது. எச்சிலில் வைரஸை வெளியேற்றும் அளவுக்கு நோய் முற்றிய நாய் பத்து நாளைக்குள் நோயுற்றுச் செத்துவிடும் என்பது சரி. ஆனால் பத்து நாள் பார்ப்பது சிகிச்சையை நிறுத்தலாமா என்று முடிவு செய்யத்தான். தொடங்கலாமா என்று முடிவு செய்ய இல்லை. முதல் ஊசியை அன்றே போட்டுவிட்டு, அப்புறம் நாயைக் கவனியுங்கள். பத்து நாளும் அது நன்றாக இருந்தால் மருத்துவர் மீதி ஊசிகளைப் பற்றிச் சொல்வார். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். குரங்குக்கோ நரிக்கோ பொருந்தாது. கடித்துவிட்டு ஓடிய தெருநாயைத் தேடி அலைவதிலும் பொருளில்லை.

வெறிநாய் என்றால் எச்சில் ஒழுக, கண்ணில் படுகிறவரையெல்லாம் துரத்தும் என்று நினைப்பதும் ஒரு பிழை. இன்னொரு வகை உண்டு. நாய் மூலையில் சுருண்டு கிடக்கும், தாடை தொங்கும், விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டதோ என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாய்களை நேசிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மனிதர்களிலும் அப்படித்தான்: எல்லோரும் தண்ணீரைக் கண்டு பயப்படுவதில்லை, சிலருக்குக் கைகால் விளங்காமல் போவதுதான் முதலில் தெரியும்.

சரி, மருத்துவமனைக்குப் போயாகிவிட்டது. அங்கேயும் மூன்று இடங்களில் சறுக்குகிறோம்.

ஒன்று, டிடி ஊசியோடு திரும்பி வருவது. பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டார்கள், அதனால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். டிடி ஊசி டெட்டனஸிலிருந்து காப்பாற்றும். ரேபிஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "எனக்குப் போட்டது ரேபிஸ் ஊசியா?" என்று வாய்விட்டுக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இரண்டாவது, இம்யூனோகுளோபுலினை விட்டுவிடுவது. பல உயிர்கள் போவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதைப் பார்த்து நம் உடல் தானே ஆன்டிபாடி தயாரிக்க வேண்டும். அதை அடையாளம் கண்டு, ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களில் பொருத்தமானவை பெருகி, போதிய அளவு ஆன்டிபாடி இரத்தத்துக்கு வர 7 முதல் 14 நாள் ஆகிறது. அதுவரை காயத்தில் மிச்சமிருக்கும் வைரஸைத் தடுக்க யாருமில்லை. இம்யூனோகுளோபுலின் என்பது ஏற்கெனவே தயாராக உள்ள ஆன்டிபாடி. அதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்தும்போது, வைரஸ் நரம்பைப் பிடிக்கும் முன்னரே அங்கேயே மடக்கப்படுகிறது. குதிரையிலிருந்து எடுப்பதானால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 யூனிட், மனித இரத்தத்திலிருந்து எடுப்பதானால் 20 யூனிட். இப்போது ஆய்வகத்தில் தயாராகும் மோனோக்ளோனல் ஆன்டிபாடிகளும் இருக்கின்றன. முதல் தடுப்பூசி போட்ட அன்றே போடுவது நல்லது. முடியாவிட்டால் ஏழு நாளுக்குள். அதற்கு மேல் உடலே தயாரிக்கத் தொடங்கிவிடும், வெளியிலிருந்து கொடுப்பது அதற்கு இடைஞ்சலாகும். சிறிய மருத்துவமனையில் இது இல்லையென்றால், தடுப்பூசியை அங்கே போட்டுக்கொண்டு அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். காயத்துக்குள் ஊசி போடுவது வலிக்கும். குழந்தை கதறும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு போட வையுங்கள்.

மூன்றாவது, தவணைகளைப் பாதியில் விடுவது. புண் ஆறிவிட்டது, நாயும் தெருவில் திரிகிறது, கூலி போகிறது என்று மூன்றாவது தவணையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போட்ட நாள்தான் பூஜ்யம். ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, போய் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஊசி தோளில் போட வேண்டும், சின்னக் குழந்தைக்குத் தொடையில். புட்டத்தில் போடக்கூடாது, அங்கே கொழுப்பு அதிகம், எதிர்ப்பாற்றல் சரியாக உருவாகாது.

தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியை நினைத்து இன்னும் பயப்படுகிறவர்களுக்கு: அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து. 1907-இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து ஒரு காலத்தில் அதுதான் வந்துகொண்டிருந்தது, உயிர்களையும் காப்பாற்றியது. சிலருக்கு நரம்புப் பாதிப்பைக் கொடுத்ததால் 2005-இலிருந்து இந்தியாவில் அது புழக்கத்தில் இல்லை. இப்போதையது செல் வளர்ப்பில் தயாராவது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் கிடையாது. ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குச் சிறு கீறலுக்கும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படும்.

கடித்துப் பல வாரம் ஆகிவிட்டது, இனிப் போய் என்ன பயன் என்று வீட்டிலேயே இருப்பவர்களும் உண்டு. அறிகுறி வராதவரை நேரம் முடிந்துவிடவில்லை. 1885 ஜூலையில் பாரிஸில் ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்டருக்கு லூயி பாஸ்டரின் மருந்து கொடுக்கப்பட்டது, கடிபட்டு இரண்டு நாள் கழித்து. கடித்த பிறகும் தடுப்பூசி வேலை செய்வதற்குக் காரணமே இந்த வைரஸ் மெதுவாகப் போவதுதான். மாதங்கள் கழிந்திருந்தாலும் போய்ச் சொல்லுங்கள், சிகிச்சை தொடங்குவார்கள்.

முழுத் தவணையும் முடித்தவரை மறுபடி நாய் கடித்தால் எல்லாம் மீண்டும் வேண்டாம். முன்பு பார்த்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் உடலில் இருக்கும். கழுவிவிட்டு 0, 3 ஆகிய இரண்டு நாட்களில் தடுப்பூசி போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. இதற்கு ஆதாரம் கேட்பார்கள் என்பதால் ஊசிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். குழந்தைகளிடம் இன்னொன்றையும் இப்போதே சொல்லி வையுங்கள்: நாய் கடித்தாலோ பிராண்டினாலோ வீட்டில் திட்ட மாட்டோம், உடனே வந்து சொல்ல வேண்டும்.