பொன்னியின் செல்வனுக்குப் புது அட்டை வரையப் போகிறீர்களா?

முதலில் அந்தக் குதிரையை விட்டுவிடுங்கள். குதிரையில் வந்தியத்தேவன், பின்னால் கோபுரம், மூலையில் நந்தினியின் கண்கள், இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்தாயிற்று. அதிலும் பின்னணியில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, அதைக் கட்டிய ராஜராஜன் இந்த நாவலில் இன்னும் அருள்மொழிவர்மனாக, இளவரசனாகத்தான் இருக்கிறார். கோயில் முடிந்ததோ 1010-இல்! முகங்களும் வேண்டாம் என்பேன். கல்கி இதழில் தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த முகங்கள் ஒரு தலைமுறையின் மனதில் இருக்கின்றன, 2022-இல் வந்த படத்தின் நடிகர்கள் அடுத்த தலைமுறையின் மனதில்.

அப்புறம் எதைத்தான் வரைவது? பாகத்துக்கு ஒரு பொருள் போதும், அதைக் கதைக்குள்ளிருந்தே எடுங்கள். 'புது வெள்ளம்' ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது, வீரநாராயண ஏரிக்கரைக்கு ஜனங்கள் தென்னங்குருத்துச் சப்பரம் கட்டி இழுத்து வருகிறார்கள். செம்மண் நிற நீரில் ஒரு சின்னச் சப்பரம், அவ்வளவுதான் முதல் அட்டை. 'சுழற்காற்று'க்கு பூங்குழலியின் படகு. 'கொலை வாள்' என்றால் மீன் சின்னம் பொறித்த வாள், ஆனால் முழு வாளையும் காட்டாமல் அந்த மீனை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், எடுப்பாக இருக்கும். 'மணிமகுடம்' சுலபம். 'தியாகச் சிகரம்'தான் பாடாய்ப் படுத்தும், ஏனென்றால் நினைவுக்கு வரும் நல்ல காட்சி எல்லாமே முடிவைப் போட்டு உடைத்துவிடும். நாலாம் பாகத்து மகுடத்தையே மிகச் சிறிதாக, பெரிய வெற்றிடத்தின் நடுவே வைக்கலாம்.

எழுத்துரு விஷயத்தில் கவனம். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'பொ', 'செ' இரண்டிலும் கொம்பு இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. கட்டமரன், முக்தா மலர், அரிமா மதுரை என்ற தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் இலவசம். தலைப்பு நீளம் என்பதால் இரண்டு வரியாக உடைத்துவிடுங்கள், பிறகு அட்டையைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், படிக்க முடியவில்லையா, எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

ஐந்து பாகங்களின் முதுகுகளையும் (அலமாரியில் வெளியே தெரியும் பக்கம்) சேர்த்து ஒரே ஓவியமாக யோசியுங்கள். அலமாரியில் அடுக்கினால் காவிரி முதல் பாகத்திலிருந்து ஐந்தாவது வரை ஓட வேண்டும். ஆனால் முதுகின் அகலத்தை நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள், அது தாளைப் பொறுத்து மாறும், அச்சகத்தில் ஒரு டம்மி, அதாவது அதே தாளில் கட்டிய வெற்று மாதிரிப் புத்தகம், கேட்டு வாங்கி அளந்துகொள்ளுங்கள். ஓரம் வெட்டுவதற்காகப் படத்தைச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள், படத்தின் தெளிவு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), நிறம் அச்சுக்கான நான்கு வண்ண முறையான சிஎம்ஒய்கே.

உரிமை விஷயம்: கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, அதனால் நாவலுக்கு யாரும் அட்டை போடலாம். மணியத்தின் படங்களும் அதில் சேர்த்தி என்று நினைத்து ஸ்கேன் செய்து ஒட்டிவிடாதீர்கள், ஓவியத்துக்கு உரிமை தனி.