ஓவைஹீ பக்கம் நடக்கப் போகிறவர்கள் வரைபடத்தில் இதைப் பாருங்கள்

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தின் தென்கிழக்கில் ஓவைஹீ ஆறு அறுத்துப் போட்டிருக்கும் உயர்நிலப் பாலைவனத்துக்குப் போவதாக இருந்தால், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் 1:24,000 வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 240 மீட்டர்.

எடுத்ததும் ஓரத்தில் சம உயரக் கோடுகளின் (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள்) உயர இடைவெளி எத்தனை அடி என்று பாருங்கள், தாளுக்குத் தாள் இது மாறும். 40 அடி என்று போட்டிருந்தால், 30 அடி செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கலாம், வரைபடம் அதைக் காட்டவே காட்டாது. எரிமலைப் பாறை அடுக்கடுக்காக விளிம்பு கட்டி நிற்கும் இந்த மாதிரி இடத்தில் மிகவும் ஆபத்தான விஷயம் இதுதான், ஏனென்றால் மேலிருந்து இறங்கும்போது விளிம்புக்கு வரும்வரை அந்தப் பாறை கண்ணுக்கே தெரியாது. அதனால் கோடுகள் கொஞ்சம் விலகியிருக்கிறதே, சரிவு குறைவுதான், இறங்கிவிடலாம் என்று வரைபடத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விளிம்புப் பாறையின் நிழல் கருப்புப் பட்டையாகத் தெரியும்.

அப்புறம் தண்ணீர். நீலக் கோடு விட்டு விட்டு, நடுவே புள்ளிகளோடு இருந்தால் அது வருடம் முழுக்க ஓடாத ஓடை. கோடையில் அதை நம்பிக் குறைவாகத் தண்ணீர் எடுத்துப் போகவே கூடாது. பக்கவாட்டு ஓடைகளில் எந்தப் பக்கம் மேடு என்று குழப்பம் வந்தால், சம உயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் கூர்முனை எங்கே நீட்டுகிறதோ அதுதான் நீர் வரும் திசை, அதாவது மேட்டுப் பக்கம்.