பழைய கார் வாங்கப் போறியளா? மீற்றரைக் கடைசியாப் பாருங்கோ

ஓடின தூரத்தைக் காட்டிற மீற்றரைக் குறைச்சுப்போட்டுக் கார் விக்கிறவை இருக்கினம். அதால விக்கிற ஆளிட்ட "எத்தினை கிலோமீற்றர் ஓடினது?" எண்டு தொடங்காதேங்கோ. அந்தக் கேள்விக்கு மறுமொழியை ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் நிப்பார். "ஆர் வைச்சிருந்தது, எங்க போய்வந்தவை?" எண்டு கதை குடுங்கோ. கிளிநொச்சியில வேலை, கிழமைக்கொருக்கா வவுனியாவில வீட்டுக்குப் போய் வாறவர் எண்டால் போகவர 150 கிலோமீற்றர் அளவில. வருசத்துக்கு 7,800. பத்து வருசக் கார் 78,000 ஓடியிருக்கோணும், 48,000 காட்டினால் மிச்ச 30,000 எங்க?

பிறகு சாரதிப் பக்கக் கதவைத் திறந்து குந்தி இருந்து பிறேக் பெடலைப் பாருங்கோ. றப்பரில கோடுகள் அழிஞ்சு, வலது ஓரம் தேஞ்சு மினுங்கினால் அந்தக் கார் கனக்க ஓடியிருக்கு. றப்பர் புத்தம் புதுசு எண்டாலும் ஏன் மாத்தினது எண்டு கேளுங்கோ. ஸ்ரியறிங் உறையைக் கழட்டச் சொல்லுங்கோ, கை பிடிக்கிற இடம் வழுவழுக்குதோ பாக்க. ஏறி இறங்கிற பக்கம் சீற் விளிம்பு அமுங்கியிருக்கும். இதுகளைக் கழுவித் துடைச்சு மறைக்கேலாது.

கீழ்ப்பக்கத்தை வைச்சு மட்டும் முடிவெடுக்காதேங்கோ. எங்கட ஒட்டுசுட்டான், விசுவமடு உள்ளுக்குக் கிரவல் றோட்டில ஓடின கார் 30,000லயே புஷ் (கீழ்ப்பக்க மூட்டுகளில இருக்கிற றப்பர்) ஆடும். கராஜ்காரன் நான், அப்பிடி எத்தினையைப் பாத்திட்டன். கொழும்பில ஓடினது 1,50,000 தாண்டியும் கீழால வடிவா நிக்கும்.

ரயர் பக்கச் சுவரில கடைசி நாலு இலக்கம்: 2119 எண்டால் 2019ஆம் ஆண்டு 21ஆம் கிழமை செய்தது. 2017 காருக்கு 15,000தான் ஓட்டம், ஆனா நாலு ரயரும் 2021 எண்டால் காரணம் கேளுங்கோ.

யப்பானில இருந்து வந்த காரெண்டால் கதவுத் தூணிலயோ பொனற்றுக்குள்ளயோ ஒயில் மாத்தின ஸ்ரிக்கர் சிலவேளை கிழியாமல் கிடக்கும். அதில திகதியும் ஓட்டமும் எழுதியிருக்கும். திகதி யப்பான் ஆண்டுக் கணக்கில இருக்கலாம்: ஹெய்செய் 27 எண்டால் 2015. யப்பான் ஏலத்தில காரின்ர நிலையை எழுதிக் குடுக்கிற ஏலத் தாளைக் காட்டினால் அந்தக் கடதாசியை நம்பாதேங்கோ, சசி நம்பரை (காரின்ர உடம்பில பதிச்ச இலக்கம்) குடுத்து நீங்களே எடுப்பியுங்கோ.

டிஜிற்றல் மீற்றரைக் குறைக்கேலாது எண்டு இன்னும் ஆக்கள் சொல்லுகினம். அந்த எண் ஒரு சின்னச் சிப்பில இருக்கு, லப்டொப்பால மாத்திப்போடுவாங்கள். ஆனா சில கார்களில தூரம் வேற கொம்பியூட்டர் பெட்டியிலயும் பதியும். அந்தப் பெட்டியளை வாசிக்கிற ஸ்கானர் போட்டால் உண்மை எண் வெளிக்கிடலாம்.

2020 மார்ச்சில இறக்குமதி நிண்டு 2025இலதான் திரும்பக் கார் வந்தது. விலை ஏறினதோட மீற்றர் இறக்கிறவனுக்கும் நல்ல உழைப்பு. சந்தேகம் எண்டால் வாக்குவாதப்படாமல் ரண்டு மடங்கு ஓடினதெண்டு வைச்சு விலை பேசுங்கோ. எல்லாம் அட்வான்ஸ் குடுக்க முன்னம்.