கொடிப்பசலை: விதை போட்டு வளர்க்கிறவர்களுக்கு

“கொடிப்பசலைக்குப் போய் விதையா? ஒரு தண்டை ஒடித்து ஊன்றினால் வந்துவிட்டுப் போகிறது” என்று கேட்பவர்கள் சொல்வது சரிதான். ஆரோக்கியமான கொடியிலிருந்து வெறும் தண்டு கிடைத்தால் அதையே நடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தண்டாக ஒடிக்காமல், அன்பாக வேரோடும் மண்ணோடும் பிடுங்கிக் கொடுத்தார். நாலு மாதத்தில் கொடி மஞ்சளடித்து நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பூராவும் முடிச்சு முடிச்சாக இருந்தது, மண்ணில் இருந்துகொண்டு வேரைத் தாக்கும் நூற்புழுவின் வேலை. செடி வைத்திருந்த பையின் மண்ணை அப்படியே மூட்டை கட்டி வெளியே போட்டேன். மதுரையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிற ஆள் நான். மண்ணைக் கீழிருந்து படியேற்றிக்கொண்டு வந்தது நான்தான் என்பதால் வயிறு எரிந்தது. அன்றிலிருந்து விதைதான்.

விதை வாங்கும்போதே ஒரு குழி இருக்கிறது. கடையில் “பசலை விதை” என்று மட்டும் கேட்டால் பாலக்கைக் கொடுத்துவிடுவார்கள். நான் முதலில் வாங்கிய பாக்கெட்டில் பசலை என்றுதான் அச்சடித்திருந்தது. முளைத்து வந்ததோ பாலக். அது கொடி ஏறும் ஏறும் என்று கயிறெல்லாம் கட்டிவிட்டுக் காத்திருந்தேன்! பாலக் விதை பீட்ரூட் விதை மாதிரி கோணல்மாணலாக, தக்கை போல இருக்கும். கொடிப்பசலை விதை உருண்டையாக, மிளகு மாதிரி கறுப்பாக இருக்கும். பாக்கெட்டை வாங்கும் முன் ஆட்டிப் பாருங்கள், உருளும். சிலோன் பசலை, தரைப்பசலை என்று கேட்டு வாங்கினாலும் கொடி ஏறாது, அவை வேறு செடிகள்.

பாக்கெட்டைவிட நல்ல வழி பழம். கொடி வைத்திருப்பவர்களிடம் கறுத்த ஊதாப் பழமாக ஒரு கைப்பிடி கேளுங்கள். தண்டு பச்சையோ சிவப்போ, பழம் ஊதாதான். அண்ணா நகர் உழவர் சந்தையில் ஒருமுறை பூவும் காயுமான முற்றல் கட்டு கிடைத்தது. கீரைக்கு ஆகாது என்று பாதி விலைக்குக் கொடுத்தார்கள், நான் விதைக்காக வாங்கிவந்தேன். ஆனால் காய் பச்சையாக இருந்தால் பயனில்லை, கறுத்திருக்க வேண்டும். பழத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பிசையுங்கள். பீட்ரூட்டில் இருக்கிற அதே வகைச் சாயம்தான் இதிலும், துணியில் பட்டால் லேசில் போகாது. பழைய நைட்டி போட்டுக்கொள்ளுங்கள். விதையை நாலைந்து தடவை அலசி, நிழலில் மூன்று நாள் காயவைத்தால் போதும்.

இப்போது முளைப்பு. நிறையப் பேர் கைவிடுகிற இடம் இதுதான், நானும் கைவிட்டேன். பத்து விதை போட்டு, பன்னிரண்டு நாள் பார்த்துவிட்டு, சொத்தை விதை என்று திட்டிக்கொண்டே அந்த மண்ணைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டினேன். அடுத்த வாரம் கறிவேப்பிலைக்கு அடியில் ஏழு பசலை! கொடிப்பசலைக்குத் தோல் கெட்டி. பத்து நாளும் ஆகும், மூன்று வாரமும் ஆகும். சீக்கிரம் வேண்டுமென்றால் உப்புத்தாளில் விதையை நாலு இழுப்பு தேய்த்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். தோலில் கீறல் விழுந்தால் போதும், உள்ளே பருப்பு தெரியும் அளவுக்குத் தேய்க்க வேண்டாம்.

டீக்கடைப் பேப்பர் கப்பில் அடியில் ஓட்டை போட்டு, அலசிய தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். கப்புக்கு இரண்டு விதை, நகக்கண் மறையும் ஆழம். ஈரச் சாக்கை மேலே போட்டு வைத்தால் காயாது. முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். கொடிப்பசலைக்குச் சூடு பிடிக்கும். மார்கழிக் குளிரில் போட்டால் இன்னும் இழுத்தடிக்கும். நான் மாசியில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை போடுகிறேன்.

நாலைந்து இலை வந்ததும் பைக்கு மாற்றுங்கள். 15 அங்குலப் பையில் இரண்டு செடி, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் ஒன்று, நார்க்கழிவு ஒன்று, அப்புறம் ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. என் நூற்புழுக் கதைக்கு அந்த ஒரு கைதான் பரிகாரம். அதே நூற்புழுவுக்காக ஓரத்தில் ஒரு செண்டுமல்லியும் வைத்திருக்கிறேன்.

பந்தல் விஷயத்தில் ஒரு சின்ன நுணுக்கம். பாகல், சுரைக்கு இருக்கிற பற்றுச்சுருள் இதற்குக் கிடையாது. தண்டே சுற்றிக்கொண்டு ஏற வேண்டும். அதனால் வழவழப்பான தடித்த பிவிசி குழாயில் வழுக்கி வழுக்கி விழும். தேங்காய்க் கயிறு ஒன்றை மேலே கைப்பிடிச் சுவரில் கட்டித் தொங்கவிட்டால் தானே ஏறிவிடும். ஒரு அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, கிள்ளுங்கள். கிள்ளாத கொடி ஒற்றைத் தண்டாக மேலே போய்ப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கும், நமக்கு இலை இருக்காது.

தண்ணீர் தவறக்கூடாது. சித்திரை வெயிலில் காலையும் மாலையும் வேண்டும், மதிய வெயிலுக்கு ஒரு பச்சை வலை கட்டினால் நல்லது. மண் காய்ந்து காய்ந்து நனைந்தால் இலை சிறுத்து, சீக்கிரம் பூவுக்குப் போய்விடும். உரத்துக்குக் கடலைப்புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். நாறும். வீட்டுக்காரம்மா தூங்கும் நேரமாகப் பார்த்து ஊற்றுவேன்.

இலையில் சிவப்பு வளையத்தோடு வட்டப் புள்ளி வந்தால் பூஞ்சை. அந்த இலைகளைப் பறித்துத் தூரப் போடுங்கள், இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். நான் இதுவரை மருந்து எதுவும் அடித்ததில்லை.

நட்டு இரண்டு மாதத்தில் முதல் அறுவடை. இலை இலையாக உருவாமல், நுனியிலிருந்து அரை அடி கத்தரியால் வெட்டினால் கீழே புதுக் கிளை வரும். இளந்தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், ருசியே அதில்தான். கொழகொழப்பு பிடிக்காதவர்கள் புளி சேர்த்துக் குழம்பு வையுங்கள், அடங்கிவிடும். பாசிப்பருப்புக் கூட்டில் அந்தக் கொழகொழப்பே நன்றாக இருக்கும். பெரிய இலையைக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போட்டால் பிள்ளைகள் கீரை என்றே கண்டுபிடிப்பதில்லை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது, இதில் ஆக்சலேட் அதிகம்.

ஐப்பசி வாக்கில் பகல் குறைந்ததும் என் கொடிகள் பூக்கத் தொடங்கும், இலையும் சிறுக்கும். ஒரு கொடியை மட்டும் பழத்துக்கு விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடுவேன். பழுத்ததும் கொண்டைக்குருவிகள் வரும். போன வருடம் அவை தின்றுவிட்டுக் துணி காயப்போடும் கொடிக்கம்பியில் உட்கார்ந்து, வீட்டுச் சொந்தக்காரரின் வெள்ளை வேட்டி முழுக்க ஊதாப் பொட்டு வைத்துவிட்டன. “ஏம்மா, இது என்ன சாயப்பட்டறையா?” என்றார் வீட்டுக்காரம்மா. புது வேட்டி வாங்கிக் கொடுத்தேன். இந்த வருடம் பழக்கொத்துகளுக்குப் பழைய கொசுவலைத் துண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.