பால் சொசைட்டி பதிவேட்டிலிருந்து டேட்டாபேஸ் வரை

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு மென்பொருள் எட்டு மாதமாக ஓடுகிறது. இருநூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள், காலை மாலை என்று இரண்டு வேளை, பத்து நாளைக்கு ஒரு பட்டுவாடா. முதலில் எழுதியதை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது முறை எழுத வேண்டியதாயிற்று. நிரலில் கோளாறு இல்லை. அதற்கு முன் போட்ட மாடலில்தான், அதாவது எந்தத் தகவல் எந்த டேபிளில் இருக்க வேண்டும் என்ற திட்டத்தில்தான், இருந்தது. அதனால் இங்கே மாடல் போடுவதை மட்டும் சொல்கிறேன். டேபிள் உருவாக்கும் கட்டளைகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பதிவேட்டுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். காலையில் பால் வருவதற்கு முன்பே போய்விடுங்கள். ஒரு பட்டுவாடா முழுக்க, அதாவது பத்து நாளும் போனால் நல்லது. பதிவேட்டில் அச்சடித்த கட்டங்களைவிட, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதுதான் முக்கியம். நான் பார்த்த பதிவேட்டில் 47-ஆம் எண்ணுக்கு ஒரே காலையில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்றின் ஓரத்தில் ‘எ’ என்று ஓர் எழுத்து. என்னவென்று கேட்டால், எருமைப்பாலாம். பசும்பால் தனி, எருமைப்பால் தனி, விலையும் தனி. அச்சடித்த கட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

செயலரிடம் “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் “பில் வந்தால் போதும்” என்பார். “போன பட்டுவாடாவில் எந்தக் கணக்கில் தகராறு வந்தது?” என்று கேளுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டிய இடமெல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும்.

படி 2: படம் போடுங்கள்

நடக்கும் வேலையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: பால் வருகிறது, அளக்கிறார்கள், மாதிரி எடுத்துக் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) பார்க்கிறார்கள், விலை போடுகிறார்கள், பதிகிறார்கள். பத்தாம் நாள் தீவனக் கடனைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள். இதில் திரும்பத் திரும்ப வரும் பெயர்ச்சொற்கள்தான் உங்கள் டேபிள்கள்: உறுப்பினர், பால்வரவு, விலைப்பட்டியல், பட்டுவாடா, பிடித்தம்.

இந்த டேபிள்களைக் கட்டங்களாகவும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளைக் கோடுகளாகவும் வரையுங்கள். இந்த இ.ஆர். வரைபட முறையை 1976-இல் பீட்டர் சென் வெளியிட்டார். அவர் முறையில் உறவுகளுக்கு வைரக் கட்டம் போடுவார்கள். எனக்கு, ‘பல’ என்ற பக்கத்தில் கோடு மூன்றாகப் பிரியும் காக்கைக்கால் குறியீடுதான் பிடிக்கும். ஓர் உறுப்பினருக்குப் பல பால்வரவு என்பது கோட்டைப் பார்த்தவுடனே புரியும். கருவி என்று கேட்டால், முதலில் பென்சிலும் தாளும், கடைசியில் டிரா.ஐஓ. வடிவமைப்புப் படம் வரையும் பெரிய யு.எம்.எல். மென்பொருள் இந்த அளவு வேலைக்குத் தேவையே இல்லை. தாளில் போட்டிருந்ததால்தான் செயலர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, “இது இங்கே வராது தம்பி” என்று ஒரு கோட்டை அடித்துவிட்டார். திரையில் காட்டியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

படி 3: விலையை எங்கே வைப்பது?

நான் சறுக்கிய இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

பால்வரவு டேபிளில் லிட்டரும் தரமும் மட்டும் வைத்தேன். விலை தனி டேபிளில். பில் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளலாம், ஒரே தகவல் இரண்டு இடத்தில் வராது என்று நினைத்தேன். அப்புறம் விலை மாறியது. உதாரணத்துக்கு, 6.2 லிட்டருக்கு 36 ரூபாய் வீதம் 223.20 கொடுத்திருக்கிறோம். விலையை 38 ஆக்கியதும், போன மாத பில்லை மறுபடி அச்சடித்தால் 235.60 என்று வருகிறது! ஓர் உறுப்பினர் பழைய சீட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, “மீதி எங்கே?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

தீர்வு இரண்டு பாகம். விலைப்பட்டியலுக்குத் தொடங்கும் தேதி கொடுங்கள், பழையதை அழிக்காதீர்கள். அதோடு ஒவ்வொரு பால்வரவு வரியிலும் அன்று போட்ட விலையையும் தொகையையும் எழுதி வையுங்கள். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே என்னும் நார்மலைசேஷன் படித்தவர்களுக்கு இது உறுத்தும். எனக்கும் உறுத்தியது. ஆனால் இன்றைய விலை என்பது வேறு தகவல், அந்தக் காலையில் அவருக்குப் போட்ட விலை என்பது வேறு தகவல். இரண்டாவது நடந்து முடிந்த விஷயம், அது மாறக் கூடாது. தவறாகப் பதிந்திருந்தால்கூட வரியைத் திருத்தாமல், காரணத்தோடு ஒரு திருத்த வரி சேருங்கள்.

இன்னொன்று. பட்டியலில் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் வைத்துத்தான் விலையைத் தேடுவோம். 4.1-ஐ மிதவைப் புள்ளி எண்ணாக (ஃப்ளோட்) வைத்தால், கணக்குப் போட்டு வந்த 4.1-உம் பட்டியலில் இருக்கும் 4.1-உம் சில நேரம் பொருந்தாது; விலை காலியாக வரும். பத்தால் பெருக்கி 41 என்று முழு எண்ணாக வையுங்கள். பணத்தைப் பைசாவில் வையுங்கள்.

படி 4: உறுப்பினர் எண்ணைச் சாவியாக்காதீர்கள்

அப்பா இறந்ததும் அதே எண் மகனுக்கோ மனைவிக்கோ போகிறது. அதைப் பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் சாவியாக, வைத்தால் இரண்டு பேர் கணக்கும் கலந்துவிடும். உள்ளுக்குள் ஒரு தனி எண் கொடுத்து, சொசைட்டி எண்ணை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை யாருக்கு என்று வேறு டேபிளில் வையுங்கள்.

படி 5: பழைய பட்டுவாடாவோடு ஒப்பிடுங்கள்

முடிந்துபோன பத்து நாள் பதிவேட்டை அப்படியே உள்ளிட்டு, பைசா வரை சரியாக வருகிறதா பாருங்கள். எனக்குச் சில பைசா இடித்தது. அவர்கள் ஒவ்வொரு வேளைக்கும் பைசாவை முழுமையாக்குகிறார்கள். நான் கடைசி மொத்தத்தில் முழுமையாக்கியிருந்தேன். லாக்டோமீட்டர் அளவிலிருந்து எஸ்.என்.எஃப். கணக்கிடும் சூத்திரமும் இடத்துக்கு இடம் மாறும். இணையத்தில் தேடாமல், அவர்கள் போடுவதையே கேட்டு வாங்குங்கள்.

டேட்டாபேஸுக்கு எஸ்.க்யூ.லைட் போதும். ஒரே ஃபைல், தினமும் பென்டிரைவில் நகல் எடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: அதில் ஃபாரின் கீ சோதனை (ஒரு டேபிள் சுட்டும் வரி மற்ற டேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பது) வழக்கமாக அணைந்திருக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் பிராக்மா கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். இல்லாவிட்டால், இல்லாத உறுப்பினருக்கும் பால்வரவு பதிந்துவிடும்.

பின்சேர்க்கை: உறுப்பினர், தேதி, வேளை மூன்றும் சேர்ந்து ஒரு முறைதான் வர வேண்டும் என்று இந்தப் பதிவில் முதலில் எழுதியிருந்தேன். அப்படிச் செய்த ஒருவருக்கு எருமைப்பால் வரியே ஏறவில்லை. பால் வகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், மாலையில் பதிந்தது காலைக் கணக்கில் போவதாக எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்து வேளையை முடிவு செய்திருக்கிறார், அந்தக் கடிகாரமே தப்பு. தேதியையும் வேளையையும் பதிபவர் தொடங்கும்போதே தேர்ந்தெடுக்கட்டும். திரையின் மேலே ‘மாலை’ என்று பெரிய எழுத்தில் காட்டுங்கள்.