தெம்மாங்கும் எலக்ட்ரானிக் பீட்டும்: ஆல்பம் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மதுரையில் இப்போது தெருவுக்குத் தெரு ஹோம் ஸ்டுடியோ. தானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, தெம்மாங்கையும் கும்மியையும் எலக்ட்ரானிக்கோடு கலந்து ஆல்பம் போடும் பிள்ளைகள் மிக்ஸிங்குக்கு எங்களிடம் வருகிறார்கள். பாட்டெல்லாம் நல்ல பாட்டுதான். ஆனால் ஹார்ட் டிஸ்கைச் செருகி செஷனை (பாட்டின் ரெக்கார்டிங் கோப்பை) திறந்தால், இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் விழுந்து எழுந்த அதே பள்ளங்கள். ஃபேனை அணை, பேக்கப் எடு என்பதையெல்லாம் யூடியூபில் ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## பாடுகிறவரைக் கடைசியில் கூப்பிடுவது

உண்மையில் இந்த ஒன்றுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வழக்கமாக நடப்பது இது. முதலில் லேப்டாப்பில் பீட். அதன்மேல் பேஸ், சிந்த் (எலக்ட்ரானிக் ஒலி). டெம்போ முடிவாகிவிட்டது, சுதி முடிவாகிவிட்டது, எத்தனையாவது பாரில் (தாளச் சுற்றில்) என்ன வரவேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது. அதற்கப்புறம்தான் "இந்த எடத்துல ஒரு நாட்டுப்புறக் குரல் வந்தா கெத்தா இருக்கும்ல" என்று யாருக்காவது தோன்றும். உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ போய் ஒரு அக்காவைக் கூட்டி வந்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "அக்கா, இது மேல பாடுங்க" என்பார்கள்.

போன வருஷம் ஒரு குழு அப்படித்தான் கூட்டி வந்தது. முளைப்பாரிக்கு வருஷா வருஷம் கும்மி எடுத்துக் கொடுக்கிறவர், கணீரென்ற குரல். வேகம் காட்டும் கிளிக் சத்தம் ஓட ஆரம்பித்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தம்பி, காதுக்குள்ள பல்லி கத்திக்கிட்டே இருக்கு. அத வெரட்டிட்டு வாங்க, பாடுறேன்." எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் அதையே மாட்டினார்கள். பொழுது சாயும்வரை டேக் மேல் டேக். ஒன்றும் பீட்டில் உட்காரவில்லை, அந்த அக்காவுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு பையன் "அவங்களுக்குத் தாளம் நிக்கலண்ணே" என்று என் காதில் முணுமுணுத்தான் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. தாளம் அவரிடம் சரியாகத்தான் இருந்தது. இவர்கள் போட்டு வைத்திருந்த கட்டத்துக்குள்தான் அது அடங்கவில்லை.

ஏன் அடங்கவில்லை? கும்மி பெரும்பாலும் திஸ்ர நடை, மூன்று மூன்றாக ஓடுவது. இவர்களுடைய பீட்டில் இருந்த ஹை-ஹேட் தாளமோ நாலு நாலாக வெட்டிக்கொண்டிருந்தது. அடுத்தது வேகம். கும்மி கொட்டக் கொட்டச் சூடு ஏறும். அந்த அக்கா கிளிக் இல்லாமல் ஒருமுறை சும்மா பாடியதை அளந்து பார்த்தேன்: தொடங்கும்போது நிமிஷத்துக்கு 96 தட்டு, முடிக்கும்போது 108. பாட்டோட உயிரே அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. 100-இல் ஆணி அடித்து நிறுத்தினால் முதல் பாதியில் குரல் பின்னால் இழுக்கும், அடுத்த பாதியில் முன்னால் ஓடும்.

சுதிக்கும் இதே கதைதான். கும்மி எடுக்கிறவருக்கு சுதிப்பெட்டி கிடையாது. முதல் அடி எடுக்கும்போது தொண்டை எங்கே நிற்கிறதோ அதுதான் சுதி. சுதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம்; அவருக்கு அது ஐந்தரைக் கட்டைக்கும் ஆறு கட்டைக்கும் நடுவில் நின்றது. டிராக் இருந்தது ஐந்தில். அவரைக் கீழே இறக்கிப் பாடவைத்தால் குரலில் இருந்த கணீர் போய்விடுகிறது.

யாரும் யோசிக்காத இன்னொன்று பின்பாட்டு. ஒருவர் ஓர் அடி பாடுவார், சுற்றி நிற்கிறவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில்தான் முன்பாட்டுக்காரர் மூச்சு வாங்குவார், அடுத்த அடியை யோசிப்பார். கண்ணாடி அறைக்குள் தனியாக நிறுத்தினால் அவர் எங்கே மூச்சு வாங்குவார்?

அந்தக் குழு எடுத்ததையெல்லாம் வெட்டி ஒட்டி, இழுத்து, கிரிட்டில் (மென்பொருளின் தாளக் கட்டத்தில்) உட்காரவைக்கப் பார்த்தது. குரலை அந்த அளவுக்கு இழுத்தால் மெய்யெழுத்தெல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். கடைசியில் ப்ரோகிராமிங்கைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு தடவை காசு. அந்த அக்காவை மறுபடி கூப்பிட்டபோது அவர் வரவில்லை, அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இதைத் தலைகீழாக. குரலை முதலில் எடுங்கள். கூட இரண்டு பேரை அழைத்துவரச் சொல்லுங்கள், வண்டிச் செலவைப் பார்க்காதீர்கள். கிளிக் வேண்டாம், கைகொட்டே போதும். கொட்டுக்குத் தனி மைக் வையுங்கள். எடுத்து முடித்தபின் ஒவ்வொரு பாரின் முதல் கொட்டையும் கையால் குறித்து டெம்போ மேப் (வேகம் எங்கே எவ்வளவு என்ற குறிப்பு) போடுங்கள். பாட்டு கிரிட்டுக்குப் போகக்கூடாது, கிரிட் பாட்டுக்கு வரவேண்டும். மென்பொருள் தானாகப் போடும் மேப்பை நம்பவேண்டாம், திஸ்ரத்தில் அது அடிக்கடி உளறும். அப்புறம் அவருடைய சட்ஜமத்தை (ஆதாரமான 'ஸ'வை) கண்டுபிடித்து, சிந்தின் ஃபைன் ட்யூனை அத்தனை சென்ட் நகர்த்துங்கள். ஐந்துக்கும் ஐந்தரைக்கும் போல அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவில் நூறு சென்ட், அதற்குள் எங்கே வேண்டுமானாலும் சிந்த் நிற்கும். மனிதக் குரலை நகர்த்துவதைவிட மிஷினை நகர்த்துவது சுலபம்.

## பறையை ஏசி அறையில் காக்கவைப்பது

பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. இப்போது எங்களிடம் வரும் பாட்டுகளில் பறை இல்லாத பாட்டு அபூர்வம். ஆனால் தோல் பறையை நெருப்பில் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும் என்பதையே மறந்துவிடுகிறார்கள். பறை அடிக்கிறவர் வாசலில் வைக்கோலைக் கொளுத்தி, தட்டித் தட்டிப் பார்த்து, கணகணவென்று ஏற்றிக்கொண்டு உள்ளே வருவார். இவர்கள் அதற்கப்புறம்தான் மைக் ஸ்டாண்டைத் தேடுவார்கள். ஏசி குளிரில் தோல் தொய்ந்துவிடும். முதல் டேக்கும் ஐந்தாவது டேக்கும் வேறு வேறு சத்தம், இரண்டையும் ஒட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். மைக்கையெல்லாம் வைத்து லெவல் பார்த்து முடித்தபின் காய்ச்சச் சொல்லுங்கள். சத்தம் இறங்க இறங்க மறுபடி காய்ச்ச நேரம் ஒதுக்குங்கள். ஃபைபர் பறைக்கு இந்தப் பாடு இல்லை, ஆனால் அந்தச் சத்தம் வேறு.

## உறுமியும் சப் பேஸும்

உறுமியின் முனகல் கீழே வழுக்கிக்கொண்டே போகும். அதே இடத்தில் சப் பேஸும் (மிகக் கீழான பேஸ் ஒலியும்) உறுமினால் இரண்டும் கேட்காது. ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடவேண்டும்.

## ஒப்பாரியில் ஆட்டோட்யூன்

வேண்டாம்.

## மாஸ்டரிங்கில் நசுக்குவது

மாஸ்டரிங் என்ற கடைசி மெருகில் எவ்வளவு சத்தமாகக் கொடுத்தாலும் ஸ்பாட்டிஃபை சாதாரணமாக அதை -14 லஃப்ஸுக்கு (சத்த அளவு) இறக்கிவிடும். பறையின் அடி சப்பையாவதுதான் மிச்சம்.

## "ஊர்ப் பாட்டுதானே, யாரு கேக்கப் போறா?"

பாட்டு ஊருக்குப் பொது. பாடிய குரல் பொது இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவில் நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை இருக்கிறது, அது 50 வருஷம். 2012 திருத்தத்தில் வந்த 38ஏ, வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டியும் உண்டு என்கிறது. ஒலிப்பதிவுக்குத் தனியாக 60 வருஷம். நாட்டுப்புறப் பாடகி விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராக அலைந்து சேகரித்துப் பாடிய பாட்டுகள் நூற்றாண்டுப் பழசாக இருக்கலாம். அதற்காக அவர்களுடைய பழைய கேசட்டிலிருந்து நாலு வரியை உருவி லூப் போடக்கூடாது.

ரெக்கார்டிங்குக்கு முன்னாலேயே ஒரு தாளில் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். காசை அன்றைக்கே கொடுங்கள். பாட்டை இணையத்தில் ஏற்றும்போது எழுதியவர், இசை என்ற இடங்களில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் மரபுப் பாட்டு என்று போட்டு, பாடியவர் பெயரையும் அவர் ஊரையும் சேருங்கள். நீங்கள் புதிதாக எழுதிய சரணத்துக்கு உங்கள் பெயர் தாராளமாக வரட்டும்.

யாருக்கும் கிடைக்கும் ராயல்டி-ஃப்ரீ லூப்பைப் போட்டுவிட்டு அந்தப் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (உரிமையுள்ள ஒலியை மற்ற வீடியோக்களில் தானாகத் தேடிப் பிடிக்கும் வசதியில்) பதியாதீர்கள். அதே லூப்பை வாங்கிய ஊர்பேர் தெரியாதவன் வீடியோவுக்கெல்லாம் உங்கள் பெயரில் கிளைம் போகும், அப்புறம் பஞ்சாயத்துதான்.

## சித்திரையில் தேதி போடுவது

பங்குனி, சித்திரையில் பம்பைக்காரரும் நாயனக்காரரும் கோயில் கோயிலாக ஓடிக்கொண்டிருப்பார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் ஆள் கிடைத்து, ரேட்டும் மலிவாகச் சொன்னால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒருதடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.